ஒட்சைட்டுத் தூள் கரையவில்லையா? முகவையைப் பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

"மிஸ், கரையுதே இல்ல. இன்னும் கொஞ்சம் அமிலம் ஊத்தட்டா?"

வெள்ளவத்தையில் நான் நடத்தும் இரசாயனச் செய்முறை வகுப்பில், ஒட்சைட்டுத் தூளை (உலோகமும் ஒட்சிசனும் சேர்ந்த பொருள்) அமிலத்தில் கரைக்கும்போது வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்தக் கேள்வி வரும். ஊற்ற வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஊற்றிவிட்டால் முகவைக்குள் என்ன பிழைத்தது என்பதற்கான தடயம் போய்விடும். முதலில் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். அடியில் கிடப்பது என்ன நிறம்? குமிழி வருகிறதா? மேலே நிற்கும் நீர் தெளிவா, கலங்கலா? காய்ச்சல் பல வருத்தங்களுக்குப் பொதுவாக வருவது போலத்தான், "கரையவில்லை" என்பதும். அதை வைத்து மட்டும் மருந்து கொடுக்க முடியாது.

இன்னொரு கேள்வி உண்டு. பெரும்பாலானோர் கேட்க மறப்பது அதைத்தான்: இந்தத் தூள் இதுவரை எவ்வளவு சூடு கண்டிருக்கிறது? போத்தல் லேபலில் பெயரும் சூத்திரமும் இருக்கும், அது பட்ட சூடு இருக்காது. ஒரே பெயர் கொண்ட இரண்டு தூள்களில் ஒன்று அரை நிமிடத்தில் கரைவதற்கும் மற்றது ஒரு நாள் முழுக்கக் கல் போலக் கிடப்பதற்கும் பெரும்பாலும் அதுதான் காரணம்.

உள்ளே நடப்பது என்ன

சீனி கரைவது போல ஒட்சைட்டு கரைவதில்லை. சீனித் தண்ணீரை வற்றவிட்டால் அதே சீனி திரும்பி வரும். ஒட்சைட்டு அயனோ தண்ணீருக்குள் ஒட்சைட்டாக இருக்கவே முடியாது. தண்ணீரைத் தொட்ட கணமே அதிலிருந்து ஒரு புரோத்தனை, அதாவது ஐதரசன் அயனை, பறித்து ஐதரொட்சைட்டாகிவிடும். ஆகவே ஒட்சைட்டு கரைகிறது என்று நாம் சொல்வது எப்போதும் ஓர் இரசாயனத் தாக்கம்.

பளிங்கின் பிடியும் லேசானதல்ல. ஒரு மூல் (துகள்களை எண்ண இரசாயனத்தில் பயன்படும் அலகு) கறியுப்பைத் தனித்தனி அயன்களாகப் பிரிக்க ஏறக்குறைய 790 கிலோயூல் வேண்டும். மகனீசியம் ஒட்சைட்டுக்கு ஏறக்குறைய 3,800. அயன் ஒவ்வொன்றிலும் மின்னேற்றம் இரண்டு, பருமனும் சிறிது, அதனால் இறுக்கம் அப்படி. வெறும் தண்ணீரால் அந்தப் பிடியை இலகுவில் அவிழ்க்க முடியாது. அமிலத்தில் உள்ள ஐதரசன் அயன் மேற்பரப்பு ஒட்சிசனில் போய் ஒட்டுகிறது, அதை ஐதரொட்சைட்டாக்குகிறது, இன்னொன்று வந்து தண்ணீராக்குகிறது. பிடி தளர்ந்ததும் உலோக அயன் நீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டு கரைசலுக்குள் இறங்குகிறது.

இது பளிங்கின் தட்டையான முகத்தில் தொடங்குவதில்லை. விளிம்பில், மூலையில், உடைந்த படியில்தான் தொடங்கும். மதிலை இடிப்பவரும் மூலைக் கல்லைத்தானே முதலில் பிடுங்குவார்? மெல்லச் சூடாக்கிச் செய்த தூளில் மூலைகள் ஏராளம். கடுஞ்சூட்டில் நெடுநேரம் கிடந்த தூளில் சிறு பளிங்குகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகிவிடும், மூலைகள் குறைந்துவிடும், அமிலம் பிடிக்க இடம் தேட வேண்டி வரும்.

தண்ணீர் விட்டேன், வெறும் பால்தான் வருகிறது

சுட்ட சுண்ணாம்பும் (கல்சியம் ஒட்சைட்டு) மகனீசியம் ஒட்சைட்டும் இப்படித்தான் நடக்கும், பிழை ஒன்றுமில்லை. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டதும் சூடு கிளம்பி அது நீற்றிய சுண்ணாம்பாகும். வெற்றிலைக்குத் தடவுவதும் அதைத்தான். ஆனால் ஒரு லீற்றர் தண்ணீரில் அது ஏறக்குறைய 1.7 கிராம்தான் கரையும். மிச்சம் பாலாக மிதந்து அடியில் படியும். கரையட்டும் என்று அடுப்பில் வைக்காதீர்கள். இது சூட்டில் இன்னும் குறைவாகக் கரையும் பொருள்.

மகனீசியம் ஒட்சைட்டு அதைவிட மோசம், லீற்றருக்குச் சில மில்லிகிராம்தான். ஆனாலும் பினோத்தலீன் என்ற நிறங்காட்டியில் ஒரு துளி விட்டால் கரைசல் இளஞ்சிவப்பாகும். கரைந்த அந்தத் துளியளவே காரத்தைக் காட்டப் போதும். தெளிவான கரைசல்தான் வேண்டுமென்றால் ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தை மெல்ல மெல்லச் சேருங்கள், பால் கண் முன்னே தெளியும். தெளியாவிட்டால் உங்கள் கையில் இருப்பது உலைச் செங்கல்லுக்காக 1,500 பாகைக்கு மேல் சுட்ட வகையாக இருக்கலாம். மருந்துக்கும் ஆய்வுகூடத்துக்கும் வருவது அதைவிடக் குறைந்த சூட்டில் செய்தது.

சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டும் சூடு கிளம்பவே இல்லை என்றால் தூள் ஏற்கனவே கெட்டுவிட்டது. அடுத்த அறிகுறியைப் பாருங்கள்.

அமிலம் விட்டதும் பொங்குகிறது

சுத்தமான சாதாரண ஒட்சைட்டு அமிலத்தில் குமிழி விடக் கூடாது. அங்கே உண்டாவது உப்பும் தண்ணீரும் மட்டும்தான், வாயு வர வழியில்லை. ஆகவே குமிழி வந்தால் தூளுக்குள் வேறு ஏதோ இருக்கிறது, அல்லது வேறு தாக்கம் நடக்கிறது.

கொழும்பில் இதற்குக் காரணம் பெரும்பாலும் காற்றுதான். கடற்கரையோரத்தில் ஈரம் எப்போதும் நிற்கும். மூடி சரியாக இறுகாத போத்தலில் சுட்ட சுண்ணாம்பு முதலில் ஈரத்தை இழுத்து ஐதரொட்சைட்டாகும், பிறகு காபனீரொட்சைட்டை இழுத்துக் காபனேற்றாகும். வரும் வாயுவைச் சுண்ணாம்பு நீருக்குள் விட்டுப் பாருங்கள், பால் நிறமானால் சந்தேகமே வேண்டாம். செப்புக் காபனேற்றைச் சூடாக்கிக் கறுப்பு ஒட்சைட்டு செய்தவர்களுக்கும் இது நடக்கும். உள்ளே பச்சை மிச்சம் இருந்தால் பொங்கும். அதை மீண்டும் மூசையில் போட்டு முழுக்கக் கறுப்பாகும் வரை சூடாக்கினால் சரி. சுண்ணாம்பை அப்படித் திருத்துவது கடினம், ஏறக்குறைய 900 பாகை வேண்டும். புதுப் போத்தல் எடுத்துவிடுங்கள்.

எரியும் குச்சியைக் கிட்டக் கொண்டுபோனதும் "பொப்" என்றால் ஐதரசன். ஒட்சைட்டோடு உலோகத் தூள் கலந்திருக்கிறது.

மூன்றாவது வாயுதான் ஆபத்தானது. நான் புதிதாகப் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில், ஒரு பாடசாலையின் ஆய்வுகூட அலுமாரியில் லேபல் பாதி அழிந்த போத்தல் ஒன்று இருந்தது. "... ஒட்சைட்டு" என்று மட்டும் வாசிக்க முடிந்தது. கறுப்புத் தூள், ஆகவே செப்பு ஒட்சைட்டு என்று முடிவு செய்து, செறிந்த ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஒரு கரண்டி போட்டேன். நீலமும் வரவில்லை, பச்சையும் வரவில்லை, கரும் கபிலம் வந்தது. முகவையின் விளிம்பில் இளம் மஞ்சள்பச்சையாக ஏதோ தேங்கி நின்றது. அப்புறம் நீச்சல் குளத்து வாடை, தொண்டையில் முள் குத்தியது போல. அது மங்கனீசீரொட்சைட்டு. 1774 இல் சுவீடன் இரசாயனவியலாளர் ஷீலே குளோரீனைக் கண்டுபிடித்தது இதே இரண்டு பொருள்களைச் சேர்த்துத்தான். பிள்ளைகள் வருவதற்கு முன்பு அது நடந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறும்.

ஈயத்தின் கபில நிற ஈரொட்சைட்டும் ஐதரோகுளோரிக் அமிலத்தில் குளோரீன் தரும். ஆகவே பெயர் தெரியாத கறுப்பு அல்லது கபிலத் தூளை இந்த அமிலத்தில் போடவே போடாதீர்கள். குன்றிமணியளவு எடுத்து ஐதரசன் பரவொட்சைட்டில் போட்டுப் பாருங்கள். சீறிப் பொங்கினால் மங்கனீசாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. தவறி அமிலத்தில் போட்டுவிட்டால் எல்லோரையும் வெளியே அனுப்பி, ஜன்னல்களைத் திறந்து, காற்றோட்டம் வந்த பிறகுதான் கிட்டப் போக வேண்டும். மூக்கை வைத்து உறுதிப்படுத்தப் போகாதீர்கள்.

பாதி கரைந்தது, மிச்சம் கரையவில்லை

முதலில் கணக்கைப் பாருங்கள். தொடக்கத்தில் சொன்ன கேள்வியைக் கேட்ட தம்பியின் கதையும் இதுதான். 4 கிராம் செப்பு ஒட்சைட்டு, அதாவது ஏறக்குறைய 0.05 மூல். செய்முறைத் தாளில் லீற்றருக்கு 1 மூல் செறிவுள்ள சல்பூரிக் அமிலம் 50 மில்லிலீற்றர் என்று இருந்தது. அதுவும் 0.05 மூல், கணக்குச் சரி. ஆனால் சல்பூரிக் போத்தல் காலியாகிவிட்டதால் அதே செறிவுள்ள ஐதரோகுளோரிக் அமிலத்தை அதே அளவு ஊற்றியிருக்கிறார். சல்பூரிக் மூலக்கூறு ஒன்று இரண்டு புரோத்தன் தரும், இது ஒன்றுதான் தரும். ஆகவே 2 கிராம் கரைந்தது, 2 கிராம் அடியில் கறுப்பாகக் கிடந்தது. கரைசல் பச்சை கலந்து இருந்ததைப் பார்த்து வேறு பயந்துவிட்டார். அந்தப் பச்சை பிழை இல்லை. குளோரைட்டு அயன்கள் செப்பைச் சூழ்ந்துகொண்டால் நிறம் அப்படிச் சாயும், தண்ணீர் விட்டால் நீலமாகும்.

கணக்குச் செய்ய நேரமில்லையா? அடியில் கிடப்பதில் ஒரு சிட்டிகை எடுத்து வேறு சோதனைக்குழாயில் போட்டு, புது அமிலம் விட்டு லேசாகச் சூடாக்குங்கள். கரைந்தால் முகவையில் அமிலம் முடிந்துவிட்டது. கரையாவிட்டால் அது வேறு பொருள். பாசிச்சாயத் தாளை (அமிலத்தில் சிவக்கும் சோதனைத் தாள்) நம்பாதீர்கள், செப்புச் சல்பேற்றுக் கரைசலே கொஞ்சம் அமிலத் தன்மை உடையது, அமிலம் தீர்ந்த பின்னும் தாள் சிவக்கலாம்.

செப்புச் சல்பேற்றுப் பளிங்கு செய்வதற்காக என்றால் கறுப்பு கொஞ்சம் மிஞ்சத்தான் வேண்டும். அமிலம் முழுக்கத் தீர்ந்ததற்கு அதுவே அடையாளம். வடிதாளில் வடித்துவிட்டுத் தொடருங்கள்.

மிஞ்சியது கறுப்பாக இல்லாமல் செந்நிறமாக இருந்தால் கதை வேறு. உங்கள் தூளில் சிவப்புச் செப்பு ஒட்சைட்டு கலந்திருக்கிறது. ஐதான சல்பூரிக் அமிலத்தில் அதிலுள்ள செப்பில் பாதி நீல அயனாகிக் கரைசலுக்குப் போகும், மறுபாதி உலோகச் செப்பாக அடியில் விழும். எத்தனை தடவை ஐதான சல்பூரிக் அமிலம் மாற்றினாலும் அந்தச் செப்பு அசையாது.

தொடங்கியது, பிறகு நின்றுவிட்டது, மேலே வெள்ளைப் பூச்சு

அமிலத்தின் பிழை. சுண்ணாம்புத் துண்டைச் சல்பூரிக் அமிலத்தில் போட்டால் மேற்பரப்பில் ஜிப்சம் படிந்து உள்ளே அமிலத்தை விடாது. ஈய ஒட்சைட்டுக்கும் அப்படியே, ஈயச் சல்பேற்று கவசம் போல மூடிக்கொள்ளும். சுண்ணாம்புக்கு ஐதரோகுளோரிக் அமிலமும் ஈயத்துக்கு ஐதான நைத்திரிக் அமிலமும் எடுங்கள். செவ்வீயத்தை (ஈயத்தின் சிவப்பு ஒட்சைட்டு) நைத்திரிக் அமிலத்தில் போட்டுக் கபிலத் தூள் மிஞ்சினால் அதோடு விடுங்கள், அது ஈயத்தின் ஈரொட்சைட்டு. ஈயக் கரைசல் எதையும் தொட்டியில் ஊற்றாமல் தனிப் போத்தலில் சேர்த்து வையுங்கள்.

கொதிக்க வைத்தும் ஒன்றுமே நடக்கவில்லை

சூட்டின் கதை முழுதாகத் தெரிவது இங்கேதான்.

கொழும்பின் பழைய வீடுகளில் சிவப்புச் சீமெந்து நிலம் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிவப்பு இரும்பு ஒட்சைட்டு. எங்கள் வீட்டு நிலத்தில் எத்தனையோ தடவை தேசிக்காய்ப் புளி சிந்தியிருக்கிறது, சீமெந்தின் மினுக்கம் போய் வெளிறியதே தவிர, துடைத்த துணியில் சிவப்புக் கரைசல் வந்ததில்லை. அதே வீட்டின் கேற், கடற்காற்றில் துருப்பிடித்தது, அதுவும் இரும்பு ஒட்சைட்டுக் குடும்பம்தான். அந்தத் துரு துணியில் பட்ட கறைக்குத் தேசிக்காயும் உப்பும் தேய்த்து வெயிலில் போட்டால் போய்விடுகிறது. துரு என்பது தண்ணீரை உள்ளே வைத்துக்கொண்டு, ஒழுங்கில்லாமல், மிகச் சிறு துகளாக வளர்ந்தது. சூடே கண்டதில்லை. நிலத்துச் சாயத் தூளோ நன்றாக அடுக்கப்பட்ட பளிங்கு, பெரும்பாலும் சூளை கண்டது.

எனவே ஹாட்வெயார் கடையில் வாங்கிய சிவப்புத் தூளை ஐதான அமிலத்தில் போட்டுவிட்டு இருபது நிமிடத்தில் விடை எதிர்பார்க்காதீர்கள். கலக்கிப் பாருங்கள். கலக்கும்போது வேகம் கூடினால், அமிலம் மேற்பரப்புக்கு வந்து சேர்வதுதான் தடை, தொடர்ந்து கலக்குங்கள். கலக்கியும் எதுவும் மாறாவிட்டால் பூட்டு பளிங்கின் மேற்பரப்பிலேயே இருக்கிறது, அதற்குச் சூடும் செறிவும்தான் வேண்டும். இரும்புக்குச் செறிந்த ஐதரோகுளோரிக் அமிலமும் இளஞ்சூடும் சில மணி நேரமும் கொடுத்தால் கரைசல் மஞ்சளாகி வரும். புகை வெளியேறும் அலுமாரிக்குள் மட்டும் இதைச் செய்யுங்கள்.

இதைவிட நல்ல வழி ஒட்சாலிக் அமிலம். அது புரோத்தன் கொடுப்பதோடு நிற்காது. இரும்பு அயனை இரண்டு கையாலும் பிடித்து வெளியே இழுக்கும். மேற்பரப்பில் உள்ள இரும்பில் கொஞ்சத்தை இலத்திரன் கொடுத்துத் தாழ்த்தியும் விடும். அப்படித் தாழ்ந்த இரும்பு பளிங்கை இறுகப் பிடிப்பதில்லை, இலகுவாகக் கழன்றுவிடும். அந்த அயன்கள் கரைசலில் கொஞ்சம் சேர்ந்ததும் வேகம் தானாகக் கூடுவதைக் கண்ணால் பார்க்கலாம். விற்றமின் சி மாத்திரையைப் பொடித்துப் போட்டாலும் தாழ்த்தும் வேலை ஓரளவு நடக்கும். ஒட்சாலிக் அமிலம் நஞ்சு, கையுறை போடாமல் தொடாதீர்கள்.

அலுமினியம் ஒட்சைட்டுக்கு இரத்தினபுரியைத்தான் உதாரணம் சொல்வேன். இல்லம் என்று சொல்லும் சரளை மண்ணிலிருந்து எடுத்த நீலக்கல்லில் செம்மஞ்சள் இரும்புக் கறை அப்பியிருக்கும். அதை அமிலத்தில் ஊறப்போட்டால் கறை கரைந்து போகும், கல் அப்படியே இருக்கும். இரண்டும் உலோக ஒட்சைட்டு, இரண்டும் ஒரே அமிலத்தில். ஒன்று ஆற்று மண்ணில் குளிரில் படிந்தது, மற்றது பூமிக்குள் கடுஞ்சூட்டில் பளிங்கானது. அதே அலுமினியம் ஒட்சைட்டை ஆய்வுகூடத்தில் ஐதரொட்சைட்டிலிருந்து மிதமாகச் சூடாக்கிச் செய்தால் அமிலத்திலும் கரையும், சோடியம் ஐதரொட்சைட்டிலும் கரையும். கெட்டியாகச் சுட்டுவிட்டால் அதுவும் நீலக்கல்லின் அமைப்புக்கு மாறிவிடும், பிறகு உருக்கிய பொற்றாசியம் ஐதரசன் சல்பேற்று போன்றவற்றால்தான் அதை அவிழ்க்கலாம். பாடசாலையில் செய்யக்கூடிய வேலை அல்ல.

நீலக்கல் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. கெவுடம் எனப்படும் பால் போல மங்கிய நீலக்கல் வகையை 1,500 பாகைக்கு மேல் சூடாக்கி நீலமாக்குகிறார்கள். அப்போது கல்லுக்குள் இருக்கும் நுண்ணிய தைத்தேனியம் ஒட்சைட்டு ஊசிகள் கல்லுக்குள்ளேயே கரைகின்றன. ஒரு ஒட்சைட்டு இன்னொரு ஒட்சைட்டுக்குள் கரைவதை இதைவிட அழகாக நான் கண்டதில்லை.

தைத்தேனியம் ஒட்சைட்டு அமிலத்துக்கு அவ்வளவு இலகுவில் இணங்காது. புல்மோட்டைக் கடற்கரை மணலில் இல்மனைற்றும் உண்டு, உரூத்தைலும் உண்டு, இரண்டும் தைத்தேனியக் கனிமங்கள். இரும்பு சேர்ந்த இல்மனைற்று சூடான செறிந்த சல்பூரிக் அமிலத்துக்கு வழிவிடும், உரூத்தைல் விடாது. வெள்ளீய ஒட்சைட்டும் சுட்ட குரோமியம் ஒட்சைட்டும் அதே கூட்டம்.

சில உலோகங்கள் இயல்பிலேயே மெதுவானவை. கல்சியம் அயன் தன்னைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகளை ஒரு செக்கனில் கோடிக்கணக்கான தடவை மாற்றும், குரோமியம் அயன் ஒரேயொரு மூலக்கூறை மாற்ற நாள்கணக்கில் எடுக்கும். நிக்கல் இடையில் நிற்கிறது. நிக்கல் ஒட்சைட்டு மகனீசியம் ஒட்சைட்டின் அமைப்பிலேயே இருந்தும் அமிலத்தில் அதைவிட எவ்வளவோ மெதுவாகக் கரைவதற்கு இது ஒரு காரணம். அமிலத்தை மாற்றிக்கொண்டே இருக்காமல் இளஞ்சூட்டில் ஓரிரவு விட்டுவிடுங்கள்.

கரைந்தது, பிறகு கலங்கிவிட்டது

இரும்புக் கரைசலில் தண்ணீர் அதிகம் விட்டால் அமிலம் ஐதாகி, கபில ஐதரொட்சைட்டாகத் திரும்ப விழும். உடனே சில துளி அமிலம் விட்டால் தெளியும், நாள்கணக்கில் விட்டால் தெளிவது கடினம். ஐதாக்க வேண்டுமென்றால் தண்ணீரால் அல்லாமல் ஐதான அமிலத்தாலேயே ஐதாக்குங்கள். நாகம் (துத்தநாகம்), அலுமினியம் இரண்டின் கரைசலிலும் காரம் விடும்போது வெள்ளை விழுவதும், மேலும் விட்டால் கரைவதும் வழமை. நாக ஒட்சைட்டைச் சூடாக்கும்போது மஞ்சளாகி, ஆறியதும் வெள்ளையாவதும் அப்படித்தான், கெட்டுவிட்டதென்று எறிந்துவிடாதீர்கள்.

முகவையில் கபிலக் கறை, தேய்த்தும் போகவில்லை

பொற்றாசியம் பரமங்கனேற்று வைத்த முகவையா? அந்தக் கறை மங்கனீசீரொட்சைட்டு. சவர்க்காரமும் ஐதான அமிலமும் தனித்து எதுவும் செய்யாது. இதற்கு இலத்திரன் கொடுக்க ஆள் வேண்டும். ஐதான சல்பூரிக் அமிலம் சில மில்லிலீற்றர் விட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் ஐதரசன் பரவொட்சைட்டைக் கொஞ்சம் சேருங்கள். சிறு குமிழிகள் எழும், அது ஒட்சிசன்தான், பயமில்லை. முகவையைச் சரித்துச் சுழற்றினால் கபிலம் விளிம்பிலிருந்து உரிந்து, சில செக்கனில் கண்ணாடி தெளிந்துவிடும். இதற்கு ஐதரோகுளோரிக் அமிலத்தை எடுக்கவே எடுக்காதீர்கள், காரணத்தை மேலே சொல்லிவிட்டேன். பிறகு தண்ணீரால் மூன்று தடவை அலசிக் கவிழ்த்து வையுங்கள்.